சிங்களம் பேசுகிறவருக்குத் தமிழ் கற்பிக்கப் போகிறீர்களா? காரைதீவிலிருந்து சில குறிப்புகள்

சனிக்கிழமை காலை ஆறரைக்குக் காரைதீவுச் சந்தியில் பஸ் ஏறினால், சம்மாந்துறை கழிய இரண்டு பக்கமும் வயலைப் பார்த்துக்கொண்டே போய், வகுப்புத் தொடங்க வெள்ளனவே அம்பாறையில் இறங்கிவிடலாம். ஆறு வருடமாக இதுதான் என் வார இறுதி. அங்கே சிங்களம் பேசும் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கும் தாதியர்களுக்கும் இரண்டாம் மொழியாகத் தமிழ் கற்பிக்கிறேன். கிழமை நாட்களில் பாடசாலையில் தமிழ்ப் பாடம். அது 20 வருடமாக நடக்கிறது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் வளவாளர்கள் முதல் வகுப்புக்கு முதல் நாள் இரவு எனக்குத் தொலைபேசி எடுப்பார்கள். “அக்கா, எதில இருந்து தொடங்குற? உயிரெழுத்தா, தன்விபரமா?” என்று கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். ஒரு 12 நாள் வதிவிடப் பயிற்சியில் நான் கற்றது பாதி. அங்கே சொன்னதை வகுப்பில் செய்து பார்த்துத் தெரிந்துகொண்டது மீதி. அந்தக் கேள்விக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: திங்கட்கிழமை காலை அவர் யாரோடு கதைக்க வேண்டுமோ, அங்கிருந்து தொடங்குங்கள்.

வருகிறவர் யார்?

1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இலங்கையின் அரசகரும மொழியானது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சுற்றறிக்கை, அந்த வருடம் ஜூலை 1க்குப் பின் அரச சேவையில் சேர்ந்தவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஆகவே உங்கள் முன்னால் இருப்பவர்களில் பலர் சான்றிதழ் தேவைப்பட்டு வந்தவர்கள். அதைக் குறையாக எடுக்க வேண்டாம். ஐந்து நாள் வேலை செய்துவிட்டு, ஆறாம் நாள் பிள்ளையைத் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்து உட்காருகிறார்கள். அந்தச் சான்றிதழோடு சேர்த்து அவர்கள் வாயில் பத்து வசனமாவது தங்க வேண்டும். அது நம்முடைய பொறுப்பு.

எனக்கு இந்த வேலை ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு இரவு அம்மாவை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். “நெஞ்சு அடைக்குது, இடது கை விறைக்குது” என்று அம்மா திரும்பத் திரும்பச் சொன்னார். குறிப்பு எழுதிய தாதிப் பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளுடைய முகத்தில் பயம்தான் இருந்தது. நான் எனக்குத் தெரிந்த கொஞ்சச் சிங்களத்தில் சொன்ன பிறகு ஓடிப்போய் டொக்டரைக் கூட்டி வந்தாள். துணைக்கு ஆள் இல்லாமல் வருகிற அம்மாக்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனம் பதறும்.

அதனால் என் முதல் ஆலோசனை இது. வகுப்புத் தொடங்க முன், உங்கள் மாணவர்கள் வேலை செய்யும் இடத்தில் ஒரு காலைப்பொழுது அனுமதி வாங்கி உட்காருங்கள். கையில் கொப்பியும் பேனையும் போதும். பெயர், நோய் எதையும் எழுத வேண்டாம். சனம் வாய் திறந்து சொல்லும் வசனங்களை மட்டும், சொன்னபடியே, திருத்தாமல் எழுதுங்கள். நான் ஒரு கிளினிக்கில் அப்படி இரண்டு மணித்தியாலம் இருந்தேன். “துண்டு எங்க குடுக்கிற?”, “மருந்து முடிஞ்சி மூணு நாள்”, “வெறும் வயித்திலயா குடிக்கிற?” என்பவை திரும்பத் திரும்ப வந்தன. பிரதேச செயலகத்தில் இருந்தபோது வேறு மாதிரி: “ஜீ.எஸ். (கிராம சேவகர்) இன்னும் ஒப்பம் வெக்கல்ல”, “மறுகா எப்ப வாற?” இந்த வசனங்கள்தான் என் முதல் பத்து வகுப்புக்கான பாடம். கையேட்டில் இருக்கும் “இது என் வீடு, வீட்டின் முன் ஒரு தோட்டம் உண்டு” அதன் பிறகு வரட்டும்.

ஒரு நாள் நீங்களும் மாணவராக இருங்கள்

பயிற்சியின் இரண்டாம் நாள் காலை, பயிற்றுவித்தவர் உள்ளே வந்தவுடன் ஜப்பானிய மொழியில் பாடத்தைத் தொடங்கிவிட்டார். நாங்கள் 28 பேர், எல்லோரும் தமிழ் ஆசிரியர்கள். ஒருவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல் தெரியாது. புத்தகத்தைத் தூக்கிக் காட்டி ‘ஹோன்’ என்றார். கதிரையைத் தொட்டு ‘இசு’ என்றார். ‘கொரே வா நன் தெஸ் கா?’ என்று கேட்டு, ‘ஹோன் தெஸ்’ என்று தானே பதில் சொல்லி, பிறகு என்னைப் பார்த்தார். தொண்டை அடைத்துவிட்டது. எனக்கு அந்தச் சொல் தெரியும், இரண்டு நிமிடத்துக்கு முன் கேட்டேன், ஆனால் வாய்க்கு வரவில்லை. 20 வருடமாகப் பிள்ளைகளை எழுப்பிவிட்டுக் கேள்வி கேட்டவள் நான். எழும்பி நிற்கிற பிள்ளைக்கு எப்படி இருக்கும் என்பது அன்றைக்குத்தான் என் உடம்புக்குத் தெரிந்தது.

மொழி ஆசிரியர் பயிற்சிகள் பலவற்றில் இப்படித் தெரியாத மொழியில் ஒரு பாடம் வைப்பார்கள். அந்த 45 நிமிடத்தில் எனக்கு எது உதவியது என்று எழுதி வைத்தேன். ஒரு சொல்லை மூன்று நான்கு தரம் கேட்ட பிறகுதான் சொல்லத் துணிவு வந்தது. எல்லோரும் சேர்ந்து சொன்னபோது என் பிழை சத்தத்துக்குள் மறைந்தது, அதனால் நானும் சொன்னேன். பக்கத்தில் இருந்தவரோடு சொல்லிப் பார்த்த பிறகு தனியே சொல்வது கஷ்டமாக இருக்கவில்லை. என் வகுப்பில் இப்போதும் இந்த ஒழுங்கைத்தான் பின்பற்றுகிறேன்: முதலில் கேட்கிறார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து, பிறகு ஒரு வரிசை, பிறகு இருவர் இருவராக, கடைசியில் விரும்புகிறவர் தனியே. முதல் ஐந்து வகுப்பில் ஒருவரையும் பெயர் சொல்லி எழுப்ப மாட்டேன்.

பயிற்சிக்குப் போகக் கிடைக்கவில்லை என்றாலும் இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். கொரியாவுக்குப் போக மொழி படிக்கிற தம்பிமார் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்து வந்து அரபு கதைக்கிற அக்காமார் இருக்கிறார்கள். ஒருவரிடம் அரை மணித்தியாலம், தமிழே கலக்காமல், சொல்லித்தரக் கேளுங்கள். முடிந்தவுடன் மனத்தில் என்ன ஓடியது என்று எழுதுங்கள். வேறெந்த வாசிப்பும் இவ்வளவு சொல்லித்தராது.

எந்தத் தமிழ்?

இதில்தான் நாம் அதிகம் தடுமாறுகிறோம். காரைதீவு விபுலாநந்த அடிகள் பிறந்த ஊர். நல்ல தமிழ் எங்களுக்குப் பெருமை. முதல் குழுவுக்கு அந்தப் பெருமையோடு “தங்களுக்கு எங்கே வலிக்கின்றது?” என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு தாதி அதை அழகாகப் பாடமாக்கி, திங்கட்கிழமை திருக்கோவில் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மூதாட்டியிடம் கேட்டிருக்கிறாள். மூதாட்டி துணைக்கு வந்தவரைப் பார்த்து “இந்தப் புள்ள என்ன சொல்லுற?” என்றாராம். பிறகு அவர் “முதுகு உளையுது மனே, ராவையில நித்திர இல்ல” என்று சொன்னபோது இவளுக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அடுத்த சனிக்கிழமை வந்து, “மிஸ், நான் படித்தது தமிழா?” என்று கேட்டாள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

நம் மொழியில் எழுதுவது ஒன்று, கதைப்பது ஒன்று. பிறப்பிலிருந்து இரண்டுக்குள்ளும் போய் வருவதால் நமக்கு அந்த இடைவெளி தெரிவதில்லை. புதிதாகப் படிப்பவருக்கு ‘செல்கின்றேன்’, ‘போறன்’ இரண்டும் இரண்டு மொழி. ஒரே வகுப்பில் இரண்டையும் ஊட்டினால் இரண்டும் தங்காது. நான் 100 மணித்தியாலப் பாடநெறியில் முதல் 60 மணித்தியாலத்துக்குப் பேச்சுத் தமிழ் மட்டும் கொடுக்கிறேன். எழுத்துத் தமிழ் அதற்குப் பிறகு வருகிறது. கடிதம், அறிவித்தல், விண்ணப்பம் வாசிக்கவும் எழுத்துப் பரீட்சைக்கும் அது வேண்டும்.

சரி, பேச்சுத் தமிழ் என்றால் எந்த ஊர்ப் பேச்சு? இரண்டு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, மாணவர் சொல்ல வேண்டியது. அது எங்கே போனாலும் விளங்கும் இலகுவான பேச்சாக இருக்கட்டும்: “எங்க நோகுது?”, “எத்தின நாளா?”, “இதில இருங்க”. மற்றது, மாணவர் கேட்டு விளங்க வேண்டியது. அதில் நம் மண்ணின் சொற்கள் எல்லாம் வர வேண்டும். ‘மறுகா’ என்றால் பிறகு. ‘கிறுகு’ என்றால் திரும்பு. வாட்டில் வேலை செய்யும் தாதிக்கு “மற்றப் பக்கம் கிறுகிப் படுங்க” என்ற வசனம் ஒரு நாளில் இருபது தரம் தேவைப்படும். ‘வெள்ளன’, ‘சுணங்கும்’, ‘ஏலாது’ எல்லாம் முதல் மாதத்திலேயே காதில் விழட்டும்.

வைத்தியசாலை ஆட்களுக்கு நான் ஒரு முழு வகுப்பை நோவுச் சொற்களுக்கு ஒதுக்குகிறேன். ‘நோகுது’ பொதுவானது. ‘உளையுது’ என்றால் மூட்டுக்குள்ளும் முதுகிலும் விடாமல் இருக்கும் நோவு. ‘குத்துது’ ஊசி போல. ‘எரியுது’ நெஞ்செரிவுக்கும் புண்ணுக்கும் மூத்திரம் போகும்போதும். ‘விறைக்குது’ உணர்வு குறைவது. ‘அடைக்குது’ நெஞ்சுக்கும் மூச்சுக்கும். ‘சத்தி’, ‘தடிமன்’, ‘தலைச்சுத்து’, ‘வயித்தால போகுது’ என்பவற்றையும் சேர்த்து, ஒவ்வொன்றையும் உடம்பில் கை வைத்து நடித்துக் காட்டுவேன். மாணவர்கள் நோயாளியாக நடிக்க, மற்றவர் கேட்டுத் துண்டில் எழுத வேண்டும். சிங்களத்தில் எழுதினாலும் சரி. விளங்கியதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

ஒலியும் எழுத்தும்

உங்கள் மாணவர் வெறும் கையோடு வரவில்லை. கடே, பாலம, பெட்டிய, சல்லி, அக்கா, அம்மா என்று சிங்களத்திலேயே அவர்கள் வாயில் பல தமிழ்ச் சொற்கள் இருக்கின்றன. முதல் வகுப்பின் முதல் பத்து நிமிடத்தில் இவற்றைப் பலகையில் எழுதி, “இதெல்லாம் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்” என்று தொடங்குங்கள். வகுப்பின் இறுக்கம் அந்த இடத்திலேயே தளரும். வசன ஒழுங்கும் பெரும்பாலும் ஒன்றுதான், வினை கடைசியில் வரும். ‘மட்ட படகினி’ என்பது ‘எனக்குப் பசி’. ‘மட்ட ஓனே’ என்பது ‘எனக்கு வேணும்’. ‘எனக்கு’ என்று தொடங்கும் வசனங்களை முதல் நாளே கொடுத்துவிடலாம்.

ஒலியில் எல்லாவற்றையும் திருத்தப் போக வேண்டாம். ழகரத்துக்காக ஒரு மணித்தியாலம் செலவழிக்கும் வளவாளர்களைப் பார்த்திருக்கிறேன். நம் பக்கத்துப் பேச்சில் நாமே அதைப் பெரும்பாலும் ளகரமாகத்தான் சொல்கிறோம். அவர்களும் அப்படியே சொல்லட்டும். ஆனால் ல, ள வேறுபாட்டை விடக்கூடாது. சிங்கள எழுத்தில் இரண்டு லகரம் இருந்தாலும் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிட்டதால் அவர்கள் காது அதைப் பிரிப்பதில்லை. ‘பல்லி’, ‘பள்ளி’ இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பள்ளி என்றால் பள்ளிவாசல். ஒரு படம் பல்லி, ஒரு படம் பள்ளிவாசல். நீங்கள் சொல்ல அவர்கள் சரியான படத்தைத் தொட வேண்டும். காது பிரித்த பிறகு வாய் தானாக வரும். காது பிரிக்க முன் வாயைத் திருத்துவது வீண்.

வாசிப்பில் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “ஏன் ஒரே எழுத்துக்கு இரண்டு சத்தம்?” என்பதுதான். சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் தனித்தனி எழுத்து உண்டு. தமிழில் இடம்தான் ஒலியைத் தீர்மானிக்கிறது. சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் அழுத்தம், மெல்லின எழுத்துக்குப் பின்னால் வந்தால் மெலிவு. வடமொழி, ஆங்கிலச் சொற்களில் இது மாறும், அதைப் பிறகு பார்க்கலாம். இதை விளக்க அவர்கள் ஊர்ப் பெயரே போதும். அம்பாறை என்பதில் வரும் பகரத்தை அவர்கள் ‘பால்’ என்பதில் வருவது போல் அழுத்துகிறார்கள். நாம் ‘கம்பு’ என்பதில் வருவது போல் மெலிக்கிறோம். இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினால் அவர்களே காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எழுத்தைத் தொடங்கும்போது 247 என்ற எண்ணை வாயில் எடுக்க வேண்டாம். 12 உயிர், 18 மெய், கொஞ்சம் குறிகள், அவ்வளவுதான் உண்மையில் படிக்க வேண்டியது. எகரத்துக்கு முன்னால் கொம்பு வருவதும் ஒகரத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருவதும் சிங்களத்திலும் அப்படியே இருப்பதால், நம் பிள்ளைகளைவிட வேகமாக இதைப் பிடிக்கிறார்கள். அம்பாறை பஸ் நிலையத்தில் நிற்கும் பஸ் போட்டுகளைத் தொலைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கிறேன். சிங்களத்தில் வாசித்து ‘கல்முனை’ என்று அறிந்தவர், கீழே இருக்கும் தமிழில் எது ‘க’, எது ‘மு’ என்று தானே தேடுவார். மூன்று மொழிப் பெயர்ப் பலகை ஒவ்வொன்றும் இலவசமாகக் கிடைக்கும் பாடப்புத்தகம்.

வினைச்சொல்

சிங்களப் பேச்சில் ‘மம யனவா’, ‘ஒயா யனவா’, ‘எயா யனவா’. ஆள் மாறினாலும் வினை மாறாது. தமிழில் ‘நான் போறன்’, ‘நீங்க போறீங்க’, ‘அவர் போறார்’, ‘அவ போறா’, ‘அது போகுது’. பாடசாலை ஆசிரியர்களான நமக்கு உடனே அட்டவணை போடக் கை துடிக்கும். போட வேண்டாம். அட்டவணையைப் பாடமாக்கியவர் கவுண்டரில் நின்று மனத்துக்குள் அட்டவணையைத் தேடிக்கொண்டிருப்பார், முன்னால் நிற்பவர் காத்துக்கொண்டிருப்பார்.

முதல் மூன்று கிழமைக்கு இரண்டே வடிவம் போதும்: ‘-ஈங்களா’ என்று கேட்பது, ‘-அன்’ என்று சொல்வது. “சாப்பிட்டீங்களா?” “சாப்பிட்டன்.” “மருந்து குடிச்சீங்களா?” “குடிச்சன்.” அரசாங்க உத்தியோகத்தரின் வேலையில் முக்கால்வாசி இந்த இரண்டுக்குள் அடங்கும். பிறகு மூன்றாம் ஆளுக்கு, இருவருக்கும் குறையுள்ள இரண்டு அட்டைகள் கொடுப்பேன். ஒருவர் அட்டையில் யார் எத்தனை மணிக்குக் கல்முனைக்குப் போகிறார் என்று இருக்கும், மற்றவர் அட்டையில் யார் எதில் போகிறார் என்று இருக்கும். கேட்டால்தான் நிரப்ப முடியும். ஒருவர் அட்டையை மற்றவர் எட்டிப் பார்க்காதபடி முதுகோடு முதுகாக இருத்துங்கள். இந்த ஒரு விளையாட்டில் ‘போறார்’, ‘போறா’ நாற்பது ஐம்பது தரம் வாயில் புழங்கிவிடும்.

நம் பக்கத்தில் “நீங்க எங்க போற?”, “எப்ப வாற?” என்று விகுதியில்லாமலும் கேட்கிறோம். மாணவர்கள் இதை எங்கேயாவது கேட்டுவிட்டு வந்து “இது பிழையா?” என்பார்கள். பிழையில்லை, இந்த மண்ணின் பேச்சு என்று சொல்லுங்கள்.

வாயை மூடுவது

பயிற்சியில் ஒவ்வொருவரும் 15 நிமிடம் கற்பித்துக் காட்ட வேண்டியிருந்தது. என்னுடையதை ஒருவர் கையில் மணிக்கூட்டோடு பார்த்தார். 15 நிமிடத்தில் 12 நிமிடம் நான் கதைத்திருந்தேன். மிச்ச மூன்று நிமிடத்தை ஆறு பேர் பங்கிட்டார்கள். ஆளுக்கு அரை நிமிடம். எண்ணைக் கேட்டதும் நான் வாதாடவில்லை.

உங்கள் தொலைபேசியை மேசையில் வைத்து ஒரு வகுப்பை ஒலிப்பதிவு செய்யுங்கள். வீட்டுக்குப் போய்க் கேட்டு, உங்கள் குரல் எத்தனை நிமிடம் என்று கணக்கெடுங்கள். பிறகு உங்கள் கேள்விக்கும் அடுத்த சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் வகுப்பறைகளில் இதை அளந்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு செக்கன் அளவுதான் காத்திருந்தார்கள். மூன்று செக்கன் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, பதில் சொல்கிறவர்களும் கூடினார்கள். அது அவர்களுடைய சொந்த மொழியில் நடந்த வகுப்புகளில். இரண்டாம் மொழியில் சொல் தேடுகிறவருக்கு இன்னும் நேரம் வேண்டும். நான் மனத்துக்குள் ‘ஒண்டு, ரெண்டு’ என்று ஐந்து வரை எண்ணுகிறேன். அந்த மௌனம் முதலில் நெருப்பு மேல் நிற்பது போல் இருக்கும். பழகிவிடும்.

“விளங்கிச்சா?” என்று கேட்பதையும் விட்டுவிடுங்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். மரியாதைக்காக ஆட்டுவார்கள், வெட்கத்தில் ஆட்டுவார்கள். விளங்கியதா என்று அறிய வேறு கேள்வி வேண்டும். உதாரணத்துக்கு “ஐயா வந்திருக்கிறார்” என்று சொல்லிக்கொடுத்தால், “ஐயா இப்ப உள்ள இருக்கிறாரா?” என்று கேளுங்கள். ஓம் என்றால் விளங்கியிருக்கிறது. “ஐயா வந்திட்டுப் போயிட்டார்” என்று சொல்லி அதையே கேளுங்கள். “ஐயா வரச் சொன்னார்” என்றால், “யார் வாற, ஐயாவா, நீங்களா?” இப்படி ஒரு சொல்லில் பதில் வரும் கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். வகுப்பில் நின்றுகொண்டு யோசித்தால் வராது. பாடக்குறிப்பில் நான் விரிவாக எழுதும் பகுதி இது ஒன்றுதான். மிச்சம் அரைப் பக்கம்.

எதைத் திருத்துவது

எல்லாப் பிழையையும் உடனே திருத்தினால் மாணவர் கதைப்பதை நிறுத்திவிடுவார். “அக்கா வாறார்” என்று ஒருவர் சொன்னால் பொருள் கெடவில்லை, விட்டுவிடுங்கள். ஒரு துண்டில் எழுதிவைத்து, வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில், யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் போட்டு, எல்லோரையும் சேர்ந்து திருத்தச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவேன்: ‘நீ’. சிங்களத்தில் ‘ஒயா’ என்பது சாதாரணமாக எல்லோரிடமும் புழங்கும். தொலைபேசியில் மொழிபெயர்த்துப் பார்ப்பவருக்குப் பல நேரம் ‘நீ’ என்று வருகிறது. எழுபது வயது அம்மாவிடம் இருபத்தைந்து வயதுப் பிள்ளை “நீ இரு” என்று சொன்னால், அந்த அம்மா பிறகு எதைக் கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். சொன்ன பிள்ளைக்குத் தான் என்ன செய்தோம் என்றே தெரியாது. ஆகவே முதல் வகுப்பில் ‘நீங்க’ மட்டும் கொடுங்கள். ‘நீ’ என்று ஒரு சொல் இருப்பதை மூன்றாம் மாதத்தில் சொல்லலாம்.

அதோடு முறைச் சொற்கள். தமிழ் ஆட்களிடம் அம்மா, ஐயா, அக்கா, தம்பி. முஸ்லிம் ஊர்களிலிருந்து வருகிறவர்களிடம் உம்மா, வாப்பா, காக்கா, தாத்தா. இந்தத் ‘தாத்தா’ மூத்த சகோதரி. சிங்களத்தில் அதே ஒலி அப்பாவைக் குறிப்பதால் மாணவர்கள் திகைத்துப் போவார்கள். ஐந்து நிமிடம் ஒதுக்கி விளக்கிவிடுங்கள். சாய்ந்தமருதிலிருந்து வந்த ஒரு பெண்ணை “தாத்தா, இதில இருங்க” என்று அழைத்தபோது அவர் முகம் மலர்ந்ததை ஒரு தாதி வகுப்பில் வந்து சொன்னாள். அதைவிட நல்ல பாடம் என்னால் எழுத முடியாது.

பயிற்சிக்குப் போவதானால்

எந்தப் பயிற்சியில் சேர்வதாக இருந்தாலும், முதலில் கேட்க வேண்டியது, “உண்மையான மாணவருக்கு எத்தனை மணித்தியாலம் கற்பித்துக் காட்டலாம்?” என்பது. ஆங்கில ஆசிரியர்களுக்கான கேம்பிரிட்ஜின் செல்ட்டா பாடநெறியில் 120 மணித்தியாலத்துக்குள், பயிலுநர் ஒவ்வொருவரும் 6 மணித்தியாலம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும், இன்னும் 6 மணித்தியாலம் அனுபவமுள்ளவர்களின் வகுப்பைப் பார்க்க வேண்டும். விரிவுரை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பும் பயிற்சியில் கொப்பி நிரம்பும், கைக்கு ஒன்றும் வராது. பக்கத்து வளவாளரின் வகுப்பில் போய்ப் பின்வரிசையில் இருங்கள். அவரையும் உங்கள் வகுப்புக்குக் கூப்பிடுங்கள். “எப்படி இருந்தது?” என்று கேட்டால் “நல்லா இருந்தது” என்பார். “வாயே திறக்காமல் இருந்தவர் யார் யார் என்று எழுதித் தாங்க” என்று கேளுங்கள்.

கடைசி வகுப்பு சந்தையில்

ஒவ்வொரு குழுவையும் கடைசிச் சனிக்கிழமை கல்முனைச் சந்தைக்குக் கூட்டிப் போவேன். ஆளுக்கு ஆயிரம் ரூபாவும் ஒரு துண்டும் கையில் இருக்கும். துண்டில் ஐந்து பொருள்: கத்தரிக்காய் அரைக் கிலோ, தேசிக்காய் பத்து, கருவாடு, கச்சான், ஒரு சட்டி தயிர். விலை கேட்க வேண்டும், குறைக்கக் கேட்க வேண்டும், மிச்சக் காசை எண்ணிச் சொல்லி வாங்க வேண்டும். கல்முனை வியாபாரிகள் நன்றாகச் சிங்களம் கதைப்பவர்கள். இவர்கள் தடுமாறினால் இரக்கப்பட்டு உடனே சிங்களத்துக்கு மாறிவிடுவார்கள். அதனால் இரண்டு நாளுக்கு முன்பே போய், “அவங்க என்ன கேட்டாலும் தமிழிலயே சொல்லுங்க, ஆறுதலாச் சொல்லுங்க” என்று ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நீங்கள் பஸ் நிலையத்தில் நில்லுங்கள். கூடவே போனால் உங்களைத்தான் பார்ப்பார்கள்.

போன முறை எல்லோரும் வந்த பிறகும் ஒரு தாதி மட்டும் வரவில்லை. முக்கால் மணித்தியாலம் கழித்து, தயிர்ச் சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். தயிர் விற்ற அம்மா பக்கத்தில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துக் கதைத்தாராம். “எத்தின புள்ள?”, “மூத்தது என்ன படிக்குது?”, “நீங்க வேலைக்கு வந்தா ஆரு பாக்கிற?” முதல் இரண்டுக்கும் பதில் சொல்லிவிட்டாள். மூன்றாவதற்கு ‘மாமி’ என்ற சொல் தெரியாமல், “அவர் அம்மா” என்று கணவரைச் சைகையில் காட்டிச் சொன்னாளாம். நான் அந்த மூன்று கேள்வியையும் பஸ்ஸுக்குள் வைத்தே கொப்பியில் எழுதிக்கொண்டேன். அடுத்த குழுவுக்கு அது மூன்றாம் நாள் பாடம்.